சிறுசேரியின் மளிகைச் சிட்டையும் உலகச் சந்தையும்

2025 அக்டோபர் மாதத்துக்கான சில்லறைப் பணவீக்க விகிதம் 0.25 விழுக்காடு என்று மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் அறிவித்தபோது, 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அந்தத் தொடரில் அதுவரை பதிவான எண்கள் அனைத்திலும் அதுவே மிகக் குறைந்ததாக இருந்தது. ஏறத்தாழச் சுழியம் எனத்தக்க அந்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர், விலைவாசி என்னும் கவலை நாட்டை விட்டு நீங்கிவிட்டது என்றே எண்ணக்கூடும். ஆனால், சென்னையின் தென்கோடியில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய சிறுசேரி, நாவலூர், படூர், கேளம்பாக்கம் பகுதிகளிலும், மேற்கே தாம்பரம் வரை பரவிய புறநகர்க் குடியிருப்புகளிலும் மாத முதல் வாரத்தில் கணக்குப் பார்க்கும் குடும்பங்களுக்கு அந்த எண் சொன்ன ஆறுதல் எட்டவில்லை. அந்த எண் தவறானது என்பதல்ல இதன் பொருள். அந்த எண் அளப்பது ஒன்று, குடும்பம் சுமப்பது மற்றொன்று என்பதே இதன் பொருள்.

பணவீக்கம் என்பது பொருள்களும் சேவைகளும் பொதுவாக விலையேறி, அதனால் பணத்தின் வாங்கும் திறன் குறைந்துகொண்டு வருவதைக் குறிக்கும் சொல். அதன் விகிதம் விலையைச் சொல்வதில்லை. சென்ற ஆண்டு இதே மாதத்தை நோக்க விலை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதையே சொல்கிறது. சென்னையில் 14.2 கிலோ வீட்டு உபயோகச் சமையல் எரிவாயு சிலிண்டர் 2020 நவம்பரில் 610 ரூபாயாக இருந்தது. படிப்படியாக ஏறி 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசை எட்டியது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைக்கப்பட்டு, 2025 ஏப்ரலில் மீண்டும் 50 ரூபாய் உயர்ந்து 868 ரூபாய் 50 காசில் நின்றது. 2024-ஆம் ஆண்டின் கணக்கில் சிலிண்டர் விலை 'சரிந்த' பொருளாக இடம்பெற்றிருக்கும். ஆனால் 2020 நவம்பரை நினைவில் வைத்திருக்கும் இல்லத்தரசிக்கு அந்த 868 ரூபாய் 50 காசு 42 விழுக்காடு கூடுதலான விலைதான்.

இதையே பொருளியலார் அடிப்படை விளைவு என்பர். 2024 அக்டோபரில் உணவுப் பொருள்களின் விலை அதற்கு முந்தைய ஆண்டைக் காட்டிலும் 10.87 விழுக்காடு உயர்ந்திருந்தது. அந்த உயரத்தோடு ஒப்பிடப்பட்டதாலேயே 2025 அக்டோபரில் உணவு விலை 5.02 விழுக்காடு இறங்கியதாகப் பதிவாயிற்று. மேட்டின் மேல் நின்று அளந்தால் சமநிலமும் பள்ளமாகத் தெரியும். அந்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிக் குறைப்பும் இதில் ஓரளவு பங்காற்றியது. ஆயினும் 2012-இல் 100 எனக் கொள்ளப்பட்ட நுகர்வோர் விலைக் குறியீடு 2025-இல் 190-க்கும் மேல் நின்றது என்பதே குடும்பங்கள் உணரும் உண்மை. அன்று 100 ரூபாய்க்கு நிரம்பிய பைக்கு இன்று 190 ரூபாய்க்கு மேல் தேவைப்படுகிறது.

கூடைக்குள் இருப்பதும் இல்லாததும்

நுகர்வோர் விலைக் குறியீடு என்பது ஒரு சராசரிக் குடும்பம் வாங்கும் பொருள்களையும் சேவைகளையும் ஒரு கூடையாகக் கருதி, ஒவ்வொன்றுக்கும் அதன் செலவுப் பங்குக்கு ஏற்ற எடையைக் கொடுத்து, அந்தக் கூடையின் விலையை மாதந்தோறும் கணக்கிடும் முறை. 2012 தொடரின் எடைகள் 2011–12-ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. அதில் உணவு மற்றும் பானங்களுக்குக் கிராமப்புறத்தில் 54.18, நகர்ப்புறத்தில் 36.29, இரண்டும் சேர்ந்த கணக்கில் 45.86 என எடை தரப்பட்டிருந்தது. ஆனால் 2022–23-இல் நடந்த கணக்கெடுப்பு, கிராமக் குடும்பங்களின் செலவில் உணவின் பங்கு 46.38 விழுக்காடாகக் குறைந்துவிட்டதைக் காட்டியது. வாழ்க்கை மாறியும் கூடை மாறவில்லை. எனவே காய்கறி விலை இறங்கிய மாதங்களில் ஒட்டுமொத்த எண்ணும் வாழ்க்கையின் உண்மையைவிட அதிகமாக இறங்கியது.

சிறுசேரிக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும், அடுக்குமாடித் தொகுதிகளும், விடுதிகளும் நிறைந்த இந்த ஊர், நிர்வாகக் கணக்கில் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஓர் ஊராட்சி. 2012 தொடரின் கிராமப்புறக் குறியீட்டில் வீட்டு வாடகைக்கு இடமே இல்லை. நகர்ப்புறக் குறியீட்டில் மட்டும் வீட்டுவசதிக்கு 21.67 என்ற எடை இருந்தது. கிராமத்தில் எல்லோரும் சொந்த வீட்டில் வாழ்வார்கள் என்னும் பழைய அனுமானத்தின் மீது அமைந்த இந்த அளவுகோல், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து வாடகைக்கே குடியிருப்பவர்களால் நிறைந்த ஓர் ஊராட்சியை எப்படி அளந்திருக்க முடியும்? 2024-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு 2026 பிப்ரவரியில் வெளியிடப்பட்ட புதிய தொடரில் கிராமப்புற வாடகையும் சேர்க்கப்பட்டிருப்பது இந்தக் குறையைக் களையும் முயற்சி. எனினும், பத்தாண்டுக்கும் மேலாக இத்தகைய ஊர்களின் மிகப்பெரிய மாதச்செலவு கணக்கில் ஏறாமலேயே வட்டி விகித முடிவுகள் எடுக்கப்பட்டு வந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

டீசல் வழியே வரும் உலகம்

விலையேற்றத்தின் காரணங்களைப் பொருளியல் நூல்கள் இரண்டு வகையாகப் பிரிக்கும். மக்களின் கையில் பணம் பெருகி, பொருள் அதற்கு ஈடாகப் பெருகாதபோது தேவை விலையை இழுத்துக்கொண்டு போவது ஒன்று. எரிபொருள், மூலப்பொருள், போக்குவரத்து ஆகியவற்றின் செலவு கூடி, அது விலையைக் கீழிருந்து தள்ளுவது மற்றொன்று. இரண்டாம் வகையில் அந்தச் செலவு வெளிநாட்டிலிருந்து வந்தால் அது இறக்குமதிப் பணவீக்கம் எனப்படும். தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்கும் இந்தியாவில், சிறுசேரி போன்ற புறநகர் ஒன்றைப் பாதிப்பது பெரும்பாலும் இந்த இறக்குமதிப் பணவீக்கந்தான்.

காரணம் எளிது. இப்பகுதியின் அன்றாடம் டீசலின் மீது ஓடுகிறது. குழாய்வழிக் குடிநீர் முழுமையாக எட்டாத அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் டேங்கர் லாரியில் வருகிறது. குடிநீர் கேனாகச் சிறு வண்டியில் வருகிறது. மின்தடையின்போது ஜெனரேட்டர் டீசலில் ஓடுகிறது. பல இடங்களில் கழிவுநீரை அகற்றுவதும் லாரிதான். நெம்மேலியில் 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனில் தொடங்கிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் துணையாக 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையம் திறக்கப்பட்டபோதும், சுத்திகரித்த நீர் வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும் வரை டேங்கரின் தேவை தீராது. காய்கறியோ கோயம்பேட்டிலிருந்து வருகிறது. கோயம்பேட்டுக்குத் தக்காளி கர்நாடகத்தின் கோலாரிலிருந்தும் ஆந்திரத்தின் மதனப்பள்ளியிலிருந்தும் வருகிறது. இந்த ஒவ்வொரு கட்டத்திலும் டீசல் விலை ஒரு பங்காக ஏறிக்கொள்கிறது. ஆகவே குடும்பம் ஒன்று டீசல் வாகனமே வைத்திராவிட்டாலும், தன் குடிநீரிலும், குளியல் நீரிலும், குழம்பிலும், மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணத்திலும் டீசலுக்கே பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்தச் செலவு உலகிலிருந்து வந்த வழி இது: 2020-இல் கொரோனா பெருந்தொற்று தொழிற்சாலைகளையும் துறைமுகங்களையும் முடக்கியது. மீண்டும் அவை திறந்தபோது கன்டெய்னர்கள் தவறான கரைகளில் தேங்கிக் கிடந்ததால் கப்பல் கட்டணம் பன்மடங்கு உயர்ந்தது. வளர்ந்த நாடுகள் முடக்கக் காலத்தில் மக்களுக்கு அள்ளிக் கொடுத்த உதவித்தொகை, பொருள்கள் குறைந்திருந்த சந்தைக்குள் தேவையாகப் பாய்ந்தது. இந்த நிலையில் 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 139 டாலர் வரை சென்றது. ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு வெளியிடும் உணவு விலைக் குறியீடு அதே மாதத்தில் வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது.

உக்ரைன் போர் சிறுசேரி அடுக்களைக்குள் முதலில் நுழைந்தது எண்ணெய்ப் பாக்கெட் வழியேதான். இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேலானதை இறக்குமதி செய்கிறது. சூரியகாந்தி எண்ணெயின் பெரும்பகுதி அன்று உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்தது. கருங்கடல் துறைமுகங்கள் மூடப்பட்டதும் வாங்குவோர் பாமாயிலுக்குத் திரும்பினர். பாமாயில் விலை ஏறியதும், உள்நாட்டு மக்களைக் காக்க வேண்டி இந்தோனேசியா 2022 ஏப்ரல் 28 முதல் அதன் ஏற்றுமதியைத் தடை செய்தது. மே 23 அன்று அந்தத் தடை நீங்கியது என்றாலும், அதற்குள் கடலை எண்ணெய் முதல் தவிட்டு எண்ணெய் வரை எல்லாம் ஒன்றையொன்று பார்த்து ஏறியிருந்தன. ஒரு பொருளின் தட்டுப்பாடு அதற்கு மாற்றான பொருள்கள் அனைத்தின் விலையையும் உயர்த்தும் என்னும் பாடத்தை இதைவிடத் தெளிவாகக் கற்பித்த நிகழ்வு அண்மைக் காலத்தில் இல்லை. சமையல் எரிவாயுவின் நிலையும் இதுவே: தேவையில் ஏறத்தாழ 60 விழுக்காடு இறக்குமதி என்பதால், சவூதி அரேபியாவின் அராம்கோ நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் ஒப்பந்த விலையே இங்குள்ள சிலிண்டர் விலைக்கு அடித்தளம். நாவலூரில் தோசை விற்கும் சிறிய உணவகம் வாங்கும் 19 கிலோ வணிக சிலிண்டருக்கு அரசின் தயவும் இல்லாததால், அந்த ஏற்றம் விடுதியில் தங்கிக் கடையில் உண்ணும் இளைஞரின் தட்டுக்கு அப்படியே வந்து சேர்கிறது.

இவற்றோடு நாணய மதிப்பும் சேர்ந்துகொள்கிறது. 2022 ஜூனில் தன் நாட்டுப் பணவீக்கம் 9.1 விழுக்காட்டை எட்டியதைக் கண்ட அமெரிக்கா, வட்டியைத் தொடர்ந்து உயர்த்தி 2023 ஜூலைக்குள் 5.25–5.50 விழுக்காட்டுக்குக் கொண்டு சென்றது. முதலீடு அங்கே திரும்பியதால் டாலர் வலுத்தது. 2022 தொடக்கத்தில் 75 ரூபாயை ஒட்டியிருந்த டாலரின் விலை அந்த ஆண்டு அக்டோபரில் 82-ஐயும், 2025 டிசம்பரில் 90-ஐயும் கடந்தது. கச்சா எண்ணெய் விலை உலகில் இறங்கினாலும் இங்கே அந்த அளவுக்கு இறங்காமைக்கு இது ஒரு காரணம். மற்றொன்று வரி. பெட்ரோலும் டீசலும் இன்னமும் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் வராமல், மத்திய கலால் வரியையும் மாநில மதிப்புக்கூட்டு வரியையும் சுமக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்ததும், 2022 மே மாதம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் குறைத்ததும், விலையில் எவ்வளவு பகுதி அரசுகளின் கையில் இருக்கிறது என்பதைக் காட்டின. உலகச் சந்தையை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு அமைதி அடைவது அரசுகளுக்கு வசதியாக இருக்கலாம்; அது முழு உண்மை அன்று. சமையல் எண்ணெய் இறக்குமதி வரி 2024 செப்டம்பரில் உயர்த்தப்பட்டபோது எண்ணெய் விலையை ஏற்றியது போரன்று, உள்நாட்டு முடிவே. உழவர் நலன் கருதி எடுக்கப்பட்ட அந்த முடிவை 2025 மே மாத இறுதியில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய் வகைகளுக்கு ஓரளவு திருத்த வேண்டியதாயிற்று.

வானிலையையும் விட்டுவிட முடியாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிச் சென்று நாட்டின் பணவீக்கத்தை 7.44 விழுக்காட்டுக்கு உயர்த்தியபோது, தமிழ்நாடு அரசு சென்னையின் நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அதே மாதம் 20-ஆம் நாள் மத்திய அரசு பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியைத் தடை செய்ய, அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் நம்மவர்கள் அரிசி மூட்டைக்கு வரிசையில் நின்றனர். ஒரு நாட்டின் விலைக் கட்டுப்பாடு மற்றொரு நாட்டின் விலையேற்றமாக மாறும் விதம் இது.

வட்டியும் வருமானமும்

பணவீக்கத்தை 4 விழுக்காட்டில், இரண்டு விழுக்காடு கூடவோ குறையவோ இடமளித்து, நிறுத்தும் பொறுப்பு 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் ரிசர்வ் வங்கிக்குத் தரப்பட்டது. அதன் கருவி ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் தரும் வட்டி. 2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.79 விழுக்காட்டை எட்டியதும், மே மாதம் 4 விழுக்காட்டிலிருந்து தொடங்கிய உயர்வு 2023 பிப்ரவரியில் 6.50-இல் நின்றது. வட்டி உயர்ந்தால் கடன் குறையும், கடன் குறைந்தால் தேவை குறையும், தேவை குறைந்தால் விலை அடங்கும் என்பது கோட்பாடு. கருங்கடலில் நின்றுபோன கப்பலை வட்டி விகிதம் நகர்த்தாது என்பதும், அதே வட்டி வீட்டுக்கடன் வாங்கியவரை உடனே தொட்டுவிடும் என்பதும் அனுபவம். 40 லட்சம் ரூபாயை 20 ஆண்டுக்கு 6.75 விழுக்காடு வட்டியில் வாங்கிய குடும்பத்தின் மாதத் தவணை சுமார் 30,400 ரூபாய். வட்டி இரண்டரை விழுக்காடு கூடினால் அது சுமார் 36,600 ரூபாய். வங்கிகள் தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டித்ததால், ஓய்வுபெறும் வயதையும் தாண்டித் தவணை நீண்டதைப் பலர் பின்னரே கவனித்தனர். விலைவாசிக்கு எதிரான மருந்தே, பழைய மாமல்லபுரம் சாலையில் வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பத்துக்கு விலைவாசியின் இன்னொரு வடிவமாக வந்து சேர்ந்தது.

இவ்வளவையும் தாங்க வேண்டியது வருமானம். அரசு ஊழியர்க்கு விலைக் குறியீட்டோடு இணைந்த அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. தகவல் தொழில்நுட்பப் பெருநிறுவனங்களில் பட்டம் முடித்து நுழைவோர்க்குத் தரப்படும் ஆண்டு ஊதியம் பத்தாண்டுக்கும் மேலாக மூன்றரை லட்சம் ரூபாயை ஒட்டியே நிற்கிறது. 2012-இன் கூடைக்கும் 2025-இன் கூடைக்கும் விலை வேறு என்பதை அந்த ஊதியம் அறிந்ததாகத் தெரியவில்லை. அதே வளாகங்களின் வாசலில் நிற்கும் காவலருக்கும், கழிவறை துப்புரவு செய்யும் பெண்ணுக்கும், உணவு கொண்டு ஓடும் இளைஞருக்கும் அந்த அளவு உறுதிகூட இல்லை. ஆட்டோ ஓட்டுநரின் நிலை எல்லாவற்றிலும் வெளிப்படையானது: 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்ற அரசின் கட்டணம் 2013 ஆகஸ்டில் நிர்ணயிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் சங்கங்கள் தாமே புதிய கட்டணத்தை அறிவித்தபோதும் சட்டத்தின் ஏட்டில் இருந்தது அந்தப் பழைய எண்தான். பயணி மீட்டருக்கு மேல் கொடுப்பதாகக் குறைபடுவதும், ஓட்டுநர் கட்டுப்படியாகவில்லை என்பதும் ஒரே புண்ணின் இரு பக்கங்கள்.

விலையேற்றம் எப்போதும் விலையாகவே வருவதில்லை. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலமும் பத்து ரூபாய் சோப்பும் அதே விலையில் நின்று எடையில் இளைக்கின்றன. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டவுடன் ஆலைகள் 26 கிலோ மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்தன; மொத்தமாக மூட்டை வாங்க முடிந்தவர் வரியின்றி வாங்க, ஐந்து கிலோ பையாக வாங்குபவர் வரியோடு வாங்கினார். ஏழைக்கு எதுவும் சில்லறையில்தான் கிடைக்கிறது; சில்லறையில் எல்லாமே விலை கூடுதல்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டத்தைப் போற்றியே ஆக வேண்டும். வெளிச்சந்தையில் விலை எவ்வளவு ஏறினும், கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும், லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசியும் தரும் நியாயவிலைக் கடை, உலகச் சந்தைக்கும் ஏழை அடுப்புக்கும் நடுவே நிற்கும் சுவர். அந்நியச் செலாவணி வற்றிப்போன இலங்கையில் 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைப் பணவீக்கம் ஏறத்தாழ 70 விழுக்காட்டையும், உணவுப் பணவீக்கம் 95 விழுக்காட்டையும் நெருங்கியதை எண்ணினால், அத்தகைய சுவரின் அருமை விளங்கும். ஆனால் சிறுசேரியின் கட்டடங்களை எழுப்ப ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள் அந்தச் சுவருக்கு வெளியே நிற்கின்றனர். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் அவர்களுக்கு மத்திய அரசின் தானியத்தைத் தரும், மாநிலத்தின் பருப்பையும் எண்ணெயையும் தராது. 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் எண்ணில் நிலையானது: ஆண்டுக்கு 5 விழுக்காடு விலை ஏறுவதாகக் கொண்டால், 1,000 ரூபாயின் வாங்கும் திறன் ஐந்தாண்டில் 780 ரூபாய் அளவுக்கு இறங்கிவிடும்.

இதற்கு நேர்மாறாக, மின் கட்டணம் விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டுள்ளது. 2022 செப்டம்பர் மின் கட்டண ஆணைப்படி, ஆண்டுதோறும் ஏப்ரல் மாதப் பணவீக்க விகிதம் அல்லது 6 விழுக்காடு, இவற்றுள் குறைந்ததன் அளவுக்குக் கட்டணம் உயரலாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 4.83 விழுக்காட்டு உயர்வு அவ்வாண்டு ஏப்ரல் மாதப் பணவீக்க எண்ணேதான். 2025-இல் வீட்டு இணைப்புகளுக்கு உயர்வு தவிர்க்கப்பட்டது அரசின் விருப்பத்தால்; விதியால் அன்று. மக்கள் கொடுக்க வேண்டிய தொகை குறியீட்டோடு தானாக ஏறுமாயின், மக்களுக்கு வர வேண்டிய தொகையும் அதே குறியீட்டோடு தானாக ஏற வேண்டும் என்பதே நீதி. உரிமைத் தொகைக்கும், ஆட்டோ கட்டணத்துக்கும், ஒப்பந்தத் தொழிலாளரின் கூலிக்கும் ஆண்டுதோறும் ஏப்ரல் மாத எண்ணையே அளவுகோலாக்கி அரசாணை பிறப்பிக்க வேண்டும். அதற்குத் தேவையான எண் ஒவ்வொரு மே மாதமும் அரசின் கையிலேயே இருக்கிறது.